பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்த குரல்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். பொம்பளைதானே என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதென்று, எப்போதும் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்திருப்பேன்.

எங்கள் லைனில் தகட்டை அடித்துப் பாகமாக்கும் ஒரு பழைய பிரஸ் மெஷின். முன்னால் நிற்பவர் தகட்டை வைத்துப் பெடலை மிதிக்க வேண்டும். பின்னால் நிற்பவர் அடித்த பாகத்தைக் கையை விட்டு எடுக்க வேண்டும். நடுவில் மெஷின் மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் கெட்டுப்போய் மாதக்கணக்காகியிருந்தது. அது எனக்கும் தெரியும்.

முன்னால் நின்றவர் இருங்காட்டுக்கோட்டைக்காரர். பின்னால் நின்றவர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் நாள் முழுக்கப் பாடுவார்கள். வார்த்தையே கிடையாது. முன்னால் நிற்பவர் ராகமாக ஒரு இழுப்பு இழுப்பார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் அதையே கொஞ்சம் வளைத்துத் திருப்பி அனுப்புவார். நேற்றுப் பாடியது இன்று இருக்காது.

ஒருநாள் காலை, எங்களிடம் பாகங்கள் வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. வருகிறவர்கள் காதில் இது விழுந்தால் மானம் போய்விடும் என்று, வேலை செய்ய வந்தீர்களா, கச்சேரி பண்ண வந்தீர்களா என்று கத்தினேன். முன்னால் நின்றவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பாட்டு இல்லன்னா அவன் கை எங்க கீதுன்னு எனுக்கு எப்டி மேடம் தெரியும்?"

சாக்கு சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இனி வாயைத் திறந்தால் ரெண்டு பேரையும் வேறு வேறு ஷிப்டில் போட்டுவிடுவேன் என்றேன். என் நாக்கில் அன்றைக்குச் சனி.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அலறல் கேட்டு ஓடினேன். பின்னால் நின்றவரின் வலது கை மெஷினுக்குள் மாட்டியிருந்தது. பிரஸ்ஸின் மேல்பாகத்தைத் தூக்க ஆட்கள் போராடினார்கள். அவருக்குக் கண் செருகிக்கொண்டே போனது. முன்னால் நின்றவர் சுற்றி ஓடிவந்து, அவரை நெஞ்சோடு தாங்கிப் பிடித்துக்கொண்டு, அழுகையோடு அந்த இழுப்பை இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார். ஒரு முனகல் வந்தது. அதிலும் அந்த வளைவு இருந்தது. கை வெளியே வரும்வரை ரெண்டு பேரும் நிறுத்தவில்லை.

மூன்று விரல்கள் போய்விட்டன. ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதியது நான்தான். முன்னால் நின்றவர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

அடுத்த வருடம், வெளிநாட்டு விருந்தினர்களுக்காகக் கம்பெனி சென்னையில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தது. மேடையில் ஜாஸ் என்கிற மேல்நாட்டு இசை. அதை அன்றுதான் முதல்முறை கேட்கிறேன். சாக்ஸபோன்காரர் ஒன்றை ஊதி நிறுத்தினார். டிரம்ஸ்காரர் கண்ணை மூடியபடி அதை வளைத்துத் திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் எழுதிவைத்து வாசிப்பதில்லையாம், அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டு அங்கேயே பிறப்பதாம். பக்கத்திலிருந்தவர் ரசித்துச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

மனுஷன் முதன்முதலில் பாடியதே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கூட இருப்பவன் பத்திரமாக இருக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தானோ என்னவோ. இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். லைனில் யாராவது முணுமுணுத்தால், பதில் குரல் வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.