சனிக்கிழமை டெஸ்ட்டும் நான் சொன்ன சாட்சியும்

அலுத்துப் போச்சு எனக்கு. தம்பிக்குக் காலையில நாலு மாத்திரை, சாயங்காலம் மூணு. காலு வீங்கியிருக்கான்னு தினம் அமுக்கிப் பாக்கணும். தண்ணிகூட நெனச்சபடி குடிக்கக் கூடாது, டாக்டர் சொன்ன அளவுதான். நாப்பது வயசுகூட ஆகல அவனுக்கு.

ஆயர் தாவார் பக்கம் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுனவன். தூக்கம் வராம ஓட்டணும்னு சியாபுங்கிற போதை மருந்தைப் பழகிட்டான். அவன் பொண்டாட்டி பொறுத்துப் பாத்துட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு சிலிம் ரிவர்ல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அக்கா நான்தான் அவனை லகாட்ல இருக்கிற என் வீட்டுக்கு இழுத்துட்டு வந்தேன். லோரி வேலைய மட்டும் அவன் விடல. நான் தனி ஆளு, ஈப்போவுல ஸ்கூல் கேன்டீன்ல சமைக்கிறேன். "இங்க இருக்கணும்னா சனிக்கிழமை தவறாம மூத்திரம் புடிச்சுக் குடுடா"ன்னு கறாரா சொல்லிட்டேன். பார்மசியில போதை டெஸ்ட் அட்டை வாங்குனேன். தினமும் கோழி வெட்டிக் குடல் உருவுற கை, இதுக்கா கூசப் போகுது?

அந்த அட்டையில ஒரு கோடு வந்தா மாட்டுனான், ரெண்டு கோடு வந்தா சுத்தம். முதல் ரெண்டு வாரமும் ஒரே கோடு. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுனேன். மூணாவது வாரத்துலேர்ந்து ரெண்டு கோடு. அப்படியே மூணு மாசம்.

சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல. எங்க சபையில ஆராதனை முடியும்போது ஆண்டவர் செஞ்ச நன்மைய எழுந்து நின்னு சாட்சி சொல்லுவோம். நான் மைக்கைப் புடிச்சு, "என் தம்பிக்கு விடுதலை கெடைச்சிருச்சு"ன்னு தேம்பித் தேம்பி அழுதேன். ஹேண்ட்பேக்லேர்ந்து அந்த அட்டைங்கள எடுத்துத் தூக்கிக் காட்டுனேன். மூத்திரம் காஞ்ச அட்டைங்க! சபையே அல்லேலூயான்னுச்சு. அன்னைக்கே அவன் பொண்டாட்டிக்கு போன் போட்டு, "நீ வா லா, அவன் திருந்திட்டான்"னேன். என் பேச்சை நம்பிப் புள்ளையோட என் வீட்டுக்கே வந்தா.

வந்த ஒரு மாசத்துல அவதான் மொதல்ல சொன்னா. "அண்ணி, அவரு சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது. பல்லை நறநறன்னு கடிக்கிறாரு. யாரோ லோரிய ஃபோலோ பண்றாங்கன்னு வேற சொல்றாரு." எனக்கு வந்துச்சே கோவம். "சாட்சி சொன்னதையே சந்தேகப்படுறியா? அட்டை பொய் சொல்லுமா?" அவ புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் லோரியக் கழுவிக்கிட்டு இருந்தவன், மூச்சு முட்டி அப்படியே சரிஞ்சான். ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். என்ன எடுத்தாருன்னு டாக்டர் கேட்டுச்சு, சின்ன வயசு தமிழ்ப் பொண்ணு. "ஒண்ணும் எடுக்கல, வாரா வாரம் நான் டெஸ்ட் பண்றேன்"னு பெருமையா சொன்னேன்.

அது என்னைத் திட்டல. "அக்கா, அந்த அட்டை பழைய சாமானைத்தான் புடிக்கும். இப்ப ஆன்லைன்ல வர்ற புதுப் பொடிங்க பலதும் அதுல தெரியாது. பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு உள்ள இருக்கிறது மாறும், விக்கிறவனுக்கே என்னான்னு தெரியாது. மனுஷ ஒடம்பு எவ்வளவு தாங்கும்னு யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல. திரும்பத் திரும்ப எடுத்தா பிரஷர் எகிறும், புத்தி பேதலிக்கும். ஸ்கேன்ல பாத்தோம், இவருக்கு இதயம் வீங்கித் தளர்ந்து போயிருக்கு. பாதி வேலைகூட செய்யல."

அவன் கட்டில்கிட்ட போனேன். மூஞ்சியில மாஸ்க்கோட கெடந்தான். "எப்போலேர்ந்துடா?"ன்னேன்.

மாஸ்க்கை நகத்துனான். "மூணாவது வாரத்துலேர்ந்துக்கா. சியாபு உன் அட்டையில மாட்டிக்கிச்சு. இது மாட்டாதுன்னு கூட்டாளிங்க சொன்னானுங்க, அதான் மாறிட்டேன். அப்புறம் நீ சபையில வேற அழுதியா... எப்படிக்கா சொல்றது?"

பாவி, நான்தான் அவனை வெரட்டி வெரட்டி அதுல கொண்டுபோய்த் தள்ளியிருக்கேன். மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டேன். டாக்டரத் தேடிப் போய் அவன் சொன்னது பூராவையும் சொன்னேன்.

வெளிய பெஞ்சில அவன் பொண்டாட்டி புள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. "என்ன அண்ணி சொன்னாரு?"ன்னு கேட்டா.

"மயக்கத்துல என்னமோ ஒளர்றான்"னேன். இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.