சாக்கில் வைத்த கொடுவாள்

கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்குக் கேட்டுக் காவல் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. கேட்டுக்கு ஒரு பக்கம் ஆட்கள் குடியிருக்கும் லைனும் தோட்டமும், மறுபக்கம் ஆபீஸும் ரோட்டுக்குப் போகும் வழியும். கேட்டை ஒட்டி ஓடு போட்ட ஓர் அறை. அதில் நான் மட்டும். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. முதல் பிரசவத்திலேயே அவள் போய்விட்டாள். பிறகு வேறு பார்க்கவில்லை. அந்த லைனில் என் தங்கச்சியும் அவள் புருசனும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பாடு. வாரத்தில் நான் இன்னொரு ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த வருசம் பழம் பறிக்கும்போது தங்கச்சி கூடையில் பச்சைக் காய் கலந்துவிட்டது. மேஸ்திரி கையில் எப்போதும் ஒரு மூங்கில் கம்பு இருக்கும். செடியை விலக்கிப் பார்க்க என்பார். அந்தக் கம்பால் அவள் மணிக்கட்டில் அடித்தார். கூட இருந்த பொம்பளைகள் பார்த்தார்கள். பறிப்பதை யாரும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் அவள் கேட்டுக்கு வந்தாள். கை வீங்கியிருந்தது. மஞ்சள் பத்துப் போட்டிருந்தாள். கையைப் பற்றி அவள் பேசவில்லை.

"ஏனுங்கண்ணா, அவரு கொடுவாளைத் தீட்டிக்கிட்டு இருக்கறாருங்க."

"செடி கவாத்துக்குத் தீட்டுவாரு."

"கவாத்துக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க. ஒரு வார்த்தை பேசலீங்க. அதுதான் நொம்ப பயமா இருக்குது. சனிக்கிழமை சம்பளத்துக்கு மேஸ்திரியும் அங்கதான் நிப்பாரு. இவரு ஜெயிலுக்குப் போயிட்டாருன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

போய் மாப்பிள்ளையிடம் பேசினேன். மேஸ்திரியைப் பற்றிச் சொன்னேன், வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். "குளுருதுங்களா மச்சான்?" என்றான். அவ்வளவுதான்.

எங்கள் ஆட்கள் கொடுவாள் இல்லாமல் வெளியே வரமாட்டார்கள். முதுகுப்பக்கம் இடுப்பில் செருகியிருக்கும். சந்தைக்குப் போனாலும் இருக்கும். அதை யாரும் ஆயுதம் என்று நினைத்ததில்லை. நானும் அதுவரை நினைக்கவில்லை.

மறுநாள் பங்களாவுக்குப் போனேன். மேனேஜரை நாங்கள் தொரை என்போம். அவரும் தமிழ் ஆள்தான்.

"சம்பள நாள்ல எல்லாரும் கொடுவாளைக் கேட்டுல வெச்சுட்டு ஆபீஸுக்குப் போகட்டுமுங்க" என்றேன்.

"ஏன், ஏதாவது கேள்விப்பட்டியா?"

"கூட்டமுங்க. குடிச்சுட்டும் வராங்க."

"நல்ல யோசனைதான். செய்."

"மேஸ்திரி கம்பையும் வாங்கோணுமுங்க."

"அது அவர் வேலைக்கு வேணும்ப்பா."

"கொடுவாளும் வேலைக்கு வேணுமுங்க."

அவர் கணக்கு நோட்டைப் பிரித்தார். நான் போகவில்லை.

"கம்பு செடிக்குன்னா தடம் செடியில இருக்கோணுமுங்க" என்றேன். "பொம்பளைங்க கையில இருக்குது."

"யார் கையில?"

"எந் தங்கச்சி கையிலீங்க."

அவருக்கு அப்போது எல்லாம் புரிந்திருக்கும். "சரி, கம்பையும் வாங்கு. தகராறு வந்தா நீதான் பதில் சொல்லணும்."

சனிக்கிழமை கேட்டு முன்னால் ஒரு சாக்கை விரித்தேன். எங்கள் பக்கம் வெட்டும் இரும்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை. ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார்.

மேஸ்திரியை முதலில் நிறுத்தினேன். அவர் வைக்காமல் மற்றவர்கள் வைக்க மாட்டார்கள்.

"என்னடா, சந்தைக்கடை போட்டிருக்க?"

"கம்பை வெச்சுட்டுப் போங்க."

"எவன் சொன்னது?"

"தொரை சொன்னாருங்க."

திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கம்பை வீசினார். சாக்குக்கு வெளியே விழுந்தது. நான் எடுத்துச் சாக்கில் வைத்தேன். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். சும்மா வைக்கவில்லை.

"பல்லும் கூராத்தான் இருக்குதுங்க. கழட்டி வெக்கட்டுங்களா?" என்றான் ஒருத்தன்.

"தொரை நாய்க்குப் பல்லு போயிருச்சு. அதான் நம்மளுதை வாங்குது" என்றான் அவனுக்குப் பின்னால் நின்றவன். சிரித்தார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

கடைசியில் மாப்பிள்ளை வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம், சம்பளம் போடும் ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில், மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளை இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

"சாக்குல வையி மாப்ள."

"அவங் கம்பை வாங்கிட்டீங்க. அதுக்காகக் குடுக்கறேன்" என்றான். "ஆனா மச்சான், உங்க தங்கச்சியை அடிச்சவன் கையை நீங்க புடிக்கலை. எங் கையைத்தான் புடிக்கறீங்க."

கீழே வைக்கவில்லை. நீட்டினான். என் கையில் கொடுத்தான்.

கேட்டைத் தாண்டியவர்கள் திரும்பி நின்றார்கள். நான் வாங்கிச் சாக்கில் வைத்தேன். வாங்காமல் விட்டிருந்தால் அது கேட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

சம்பளம் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது அவன் சாக்கிலிருந்து கொடுவாளை எடுத்துக்கொண்டு போனான். மேஸ்திரியின் கம்பைத் தொரை பங்களாவில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை மேஸ்திரி வெறுங்கையோடு தோட்டத்துக்குள் வந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார் என்று பொம்பளைகள் சிரித்தார்களாம். அவர் வசவு மட்டும் அப்படியேதான் இருந்தது. நான் அங்கே இருந்தவரை அடி இல்லை.

சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிறு, எப்போதும்போல் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. "அண்ணன் வந்திருக்கறாருங்க" என்றாள் உள்ளே பார்த்து. அவன் எழுந்து, என்னைத் தாண்டி வெளியே போனான். அவள் சோறு போட்டாள். பாதியில் கை கழுவினேன். அப்புறம் நான் போகவில்லை.

சனிக்கிழமைதோறும் சாக்கை விரித்தேன். வைத்தார்கள், எடுத்தார்கள். முன்பெல்லாம் கேட்டில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசுவார்கள். அது நின்றுபோனது. அறையில் பேச்சுச் சத்தம் வேண்டும் என்று ஒரு பழைய ரேடியோ வாங்கினேன். மலையில் அது சரியாக எடுக்கவில்லை.

பழம் பறிப்பு முடிந்ததும் தங்கச்சியும் மாப்பிள்ளையும் குப்பனூர் ரோட்டில் வேறு எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டார்கள். கிளம்பிய அன்று காலையில் நான்தான் கேட்டின் ஒரு கதவைத் திறந்துவிட்டேன். அவன் முன்னால் போய்விட்டான். அவள் பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கஞ்சியே குடிச்சுட்டுக் கெடக்காதீங்கண்ணா. சோறாக்கித் தின்னுங்க."

"சரி கண்ணு."

"அவரு கோவம் போயிருமுங்க."

"போகட்டும். நீ பஸ்ஸைப் பாரு."

கொஞ்ச தூரத்தில் அவன் நின்றிருந்தான். அவள் வந்து சேர்ந்ததும் அவள் தலையிலிருந்த மூட்டையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வளைவு வரைக்கும் தெரிந்தது.

பின்னால் தொரை ஜீப் ஹாரன் அடித்தது. இன்னொரு கதவையும் திறந்துவிட்டேன்.