யாருக்கும் நோகாமல் ஓர் இடம்

டொக்குவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது சலவைக்கடையின் பின்பக்கச் சுவர். பள்ளி விட்டதும் நேரே அங்கே வந்து நின்று, பொழுது சாயும்வரை பந்தை அதில் அடித்துக்கொண்டிருப்பாள். டொக், டொக், டொக். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் கை ஓடும். சத்தம் நின்றுவிட்டால், சின்னவள் எதையோ உடைத்துவிட்டாள் என்று எழுந்து போய்ப் பார்ப்பாள். பெரும்பாலும் அவள் நினைத்தது சரியாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அப்பா லாரியில் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் தன்னைவிடப் பத்து வயது சின்னவளை அக்காதான் இடுப்பில் தூக்காத குறையாக வேலைக்குக் கூட்டிப்போவாள். டென்னிஸ் கிளப்பிலிருந்து அந்தக் கடைக்கு வெள்ளைத் துணி மூட்டை மூட்டையாக வரும். ஒருநாள் ஓர் அரைக்கால் சட்டைப் பையில் பந்து ஒன்று மாட்டிக்கொண்டு வந்து, துணியோடு துணியாக வெந்து, ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி வெளியே உருண்டது. சின்னவள் அன்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

மறுநாள் அக்கா அதைச் சட்டையோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அக்கா கடவுளுக்குப் பயந்தவள். அடுத்தவர் பொருள் குண்டூசியாக இருந்தாலும் அது அவள் நெஞ்சில்தான் குத்தும். சின்னவள் அழுத அழுகையைப் பார்த்து மனம் பொறுக்காமல், கடைக்கார அம்மா கிளப்பின் பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, ஒரு சாக்கு நிறையப் பழைய பந்தும் நரம்பு தளர்ந்த ஒரு மட்டையும் கொடுத்தனுப்பினார். "ஒண்ணைக் குடுத்தோம், மூட்டையா வந்துச்சு" என்று அக்கா அதை ஆயிரம் தடவை சொல்லிக் காட்டிவிட்டாள்.

சுவரில் அடித்துப் பழகியவளுக்கு ஒரு நன்மை உண்டு. சுவர் தவறு செய்யாது, களைக்காது. அதோடு மல்லுக்கட்டியவளுக்கு மனிதர்கள் எளிதாகத் தெரிந்தார்கள். கிளப்பில் அவளைவிட மூத்த பிள்ளைகளையெல்லாம் ஓட ஓட அடித்தாள். பதினெட்டு வயதில், இதுதான் என் தொழில் என்று பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரி என்றால் விமானமும் விளம்பரமும் என்றுதான் தெருவில் நினைத்தார்கள். டொக்குவின் தொழில் பேருந்திலும் ரயிலிலும் நடந்தது. ஒரு வாரம் ஓர் ஊர், மறுவாரம் வேறோர் ஊர். தோற்றால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும், ஜெயித்தால் நாளைக்கும் அதே பாவாடையைத் துவைத்துக் காயப்போட வேண்டும். வேடிக்கை பார்க்க அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் பெண்களும், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு நாயும் இருந்தால் அது நல்ல கூட்டம். இந்த ஓட்டத்தில் பாதிக்கு அக்காவும் கூடப் போனாள், தன் இஸ்திரிப் பெட்டியோடு. பேருந்து நடத்துநரான அத்தான், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கட்டின வலை நான். பந்து மட்டும்தான் மேல படுது" என்று சொல்லிக்கொண்டே பயணச் சீட்டு எடுத்துக் கொடுப்பார்.

உடைமாற்றும் அறையில் அக்கா தங்கையின் பாவாடையைத் தேய்த்து முடிப்பதற்குள், "அக்கா, இதையும் ஒரு இழு இழுத்துடேன்" என்று நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். இஸ்திரி அக்காவை எல்லா ஆட்டக்காரிகளுக்கும் தெரியும். அவர்களில் அவளோடு ரொம்ப ஒட்டிக்கொண்டவள் நெட்டை. கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். டொக்குவை நாலு தடவை தோற்கடித்தவள். ஐந்தாவது தடவை டொக்கு ஜெயித்தபோது, "இஸ்திரி போட்ட கை ராசி, அக்காவை இனிமே எனக்குக் குடுத்துடு" என்று கேட்டவள்.

டொக்குவுக்கு ஓர் ஆசை இருந்தது, ஒரே ஓர் ஆசை. வருஷத்துக்கு ஒரு முறை அவள் ஊரிலேயே, அந்தப் பழைய கிளப்பிலேயே பெரிய போட்டி நடக்கும். உலகத்தின் பெரிய ஆட்டக்காரிகள் வருவார்கள். அதன் முதன்மைச் சுற்றில் ஒருநாளாவது ஆடிவிட வேண்டும். அதில் நேராக நுழைகிற அளவுக்கு அவளுக்குத் தரவரிசை கிடையாது. தகுதிச் சுற்று ஆடி, அதில் ஜெயித்தால்தான் உள்ளே போகலாம். ஒவ்வொரு வருஷமும் ஆடினாள். ஒவ்வொரு வருஷமும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றாள். வாசல்வரை போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வருகிறவள் மாதிரி.

முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முறைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போட்டி முடிந்ததும் வந்து சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாள். "இதுதான்கா கடைசி" என்றபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா தேய்த்துக்கொண்டிருந்த மடிப்பு கோணிப்போனது.

அந்த வருஷமும் கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றாள்.

ஆனால் இந்தத் தடவை ஒரு சின்னச் சந்து திறந்திருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களிலேயே தரவரிசையில் முதலில் இருந்தவள் அவள். முதன்மைச் சுற்றில் யாராவது உடம்புக்கு முடியாமல் விலகினால் அந்த இடம் அவளுக்கு. அதற்கு லக்கி லூசர் என்று பெயர். தோற்றவர்களில் அதிர்ஷ்டக்காரி என்று தங்கை விளக்கியபோது, "தோத்ததுல என்னடி அதிர்ஷ்டம்?" என்றாள் அக்கா.

காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆடுகிற உடுப்போடு காத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் மேசைக்கு ஓட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவளுக்குப் போய்விடும். டொக்கு ஷூ நாடாவைக்கூட அவிழ்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்குப் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து தண்ணீர் குடிக்கவும் யோசித்தாள்.

அக்காவுக்கு வேறு மாதிரிச் சங்கடம். எந்த ஆட்டத்துக்கு முன்னாலும் கண்ணை மூடி ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிறவள் அவள். இப்போது என்னவென்று வேண்டுவது? ஆண்டவனே, என் தங்கைக்கு இடம் கொடு என்றால், யார் காலையாவது உடை என்று கேட்பதாக ஆகிவிடுமே. யோசித்து யோசித்து, "யாருக்கும் நோகாம அவளுக்கு ஒரு இடம் குடு" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அது எப்படி முடியும் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

முதல் நாள் யாரும் விலகவில்லை. எல்லாரும் குதிரை மாதிரி ஓடினார்கள். அடுத்த நாளோடு முதல் சுற்று முடிகிறது. அன்று காலை அக்கா உடைமாற்றும் அறையில் பாவாடை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே குழாயடியில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அன்று முதன்மைச் சுற்றில் ஆட வேண்டிய நெட்டை, இரண்டாக மடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் மனசில் முதலில் எழுந்தது சந்தோஷம். அப்பட்டமான சந்தோஷம். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்கிறார்களே, அது. மறு நொடியே உடம்பெல்லாம் கூசிப்போய், ஓடிப் போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். முகம் கழுவிவிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டாள்.

"சாப்பிட்டது ஒத்துக்கலக்கா. நேத்தும் இப்படித்தான்."

"முந்தாநாள்?"

நெட்டை அவளை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரு குழந்தைக்காக அவள் பார்க்காத வைத்தியம் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். எத்தனையோ ஊரில், பாவாடை தேய்க்கிற நேரத்தில், அவளே சொல்லி அழுதிருக்கிறாள்.

சொல்ல வாயெடுத்த அக்கா நிறுத்திக்கொண்டாள். இதைச் சொன்னால் இவள் போய்விடலாம். போனால் தங்கைக்கு இடம். அப்படியானால் சொல்வது யாருக்காக? சொல்லாமல் விட்டால் இவள் இன்று வெயிலில் விழுந்து புரண்டு ஆடுவாள், அது யாருக்கு நல்லது? ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நெட்டையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கோ. நீ விலகினா அந்த இடம் என் தங்கச்சிக்கு. அதனால என் பேச்சை நம்பாத. நேரா டாக்டரம்மாகிட்ட போ, அவங்க பேச்சை நம்பு."

நெட்டை எழுந்தாள். விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு அந்த நீளக் காலை எடுத்துவைத்து மெல்ல மெல்ல, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிப்போகிறவள் மாதிரி, போட்டி மருத்துவரின் அறைக்கு நடந்தாள்.

அக்கா தங்கையிடம் வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். டொக்கு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"நீ யார் பக்கம்கா? விலகப் போறவகிட்ட போய், என்னை நம்பாதன்னு சொல்லிட்டு வந்து நிக்கிற."

"பின்ன என்னடி சொல்றது?"

"அவ அஜீரணம்னு நினைச்சு ஆடிட்டா?"

"ஆடட்டும். அவ இடம்தானே."

டொக்கு ஒரு முறை முறைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "வெந்த பந்தையே திருப்பிக் குடுத்தவதானே நீ. உன்கிட்ட வேற என்னத்தை எதிர்பார்க்கிறது" என்றாள். இனி இடமாவது ஒன்றாவது என்று ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். குடித்தால் என்ன ஆகும்? கழிப்பறைக்குப் போனாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கூப்பிட்டது.

அக்கா போய்க் கதவைத் தட்டிய தட்டில் தாழ்ப்பாளே கழன்றுவிடும் போலிருந்தது. டொக்கு ஒரு கையில் பையும் மறு கையில் பாவாடை நாடாவுமாக ஓடி வந்து மேசையைப் பிடித்தாள். மேசையிலிருந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், "மூச்சு வாங்கிக்கம்மா, உன் இடம் எங்கயும் போகாது" என்றார்.

நெட்டை அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் அழுகை, அழுகைக்குள்ளே சிரிப்பு. ஆட விரும்பினால் ஆடலாம் என்றுதான் மருத்துவர் சொன்னாராம். "எனக்குத்தான் மனசு வரல. ஏழு வருஷம் கேட்டு இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு. இதை வெச்சுக்கிட்டு ஒரு பந்துக்காகக் குப்புற விழ மாட்டேன்" என்று சொல்லி அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் தலை அவள் தோளுக்குக்கூட எட்டவில்லை. யாருக்கும் நோகாமல்தான் வந்திருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். இத்தனை நுணுக்கமாகவா ஒருத்தன் வேண்டுதலைக் கேட்பான்.

எதிராளி பத்தொன்பது வயதுப் பெண். தரவரிசையில் எங்கேயோ உச்சியில் இருப்பவள். அக்கா எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கண் வேண்டியதில்லை. தங்கை சரியாக அடித்தால் டொக் என்று கேட்கும். பதறி அடித்தால் டப் என்று கேட்கும். முதல் செட் முழுக்க டப் டப் என்றே போனது. பக்கத்தில் உட்கார்ந்த நெட்டை எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டே, "பயந்துட்டா" என்றாள்.

இரண்டாவது செட்டில் ஒரு டொக் கேட்டது. பிறகு இன்னொன்று. அப்புறம் சலவைக்கடைச் சாயங்காலம் மாதிரி வரிசையாகக் கேட்டது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தச் செட் டொக்குவுக்கு. மூன்றாவது செட்டில் இழுபறி, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தோற்றாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஜெயித்த பெண் வலைக்கு மேலே குனிந்து, "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டாளாம். "வாசல்ல" என்று டொக்கு சொன்னாளாம்.

அடுத்த வாரம் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். ஆசை தீர்ந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், சலவைக்கடை வாசலில் ஓர் உருவம் குனிந்து நுழைந்தது. நெட்டை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அக்கா குழந்தையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள். நெட்டை வந்தது வேறு காரியமாக. தனியாக ஓடி ஆட அவளுக்கு இனி முடியாது, ஆனால் இரட்டையர் ஆட்டம் ஆடலாம். ஒரு துணை வேண்டும். "ஓட உன் தங்கச்சி, எட்ட நான். குழந்தையைப் பார்த்துக்க ஆளும் அதே வீட்டுல இருக்கு" என்றாள். டொக்கு முழங்காலைத் தடவிக்கொண்டே யோசிப்பது மாதிரி நடித்தாள். ஐந்து நிமிஷத்தில் மட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை விடுமுறை நாட்களையெல்லாம் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்து பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும், அதுதான் அவர் போட்ட நிபந்தனை.

இப்படி ஐந்து வருஷம் ஆடினார்கள். சின்னச் சின்னப் போட்டிகளில் மூன்று கோப்பை வாங்கினார்கள். தோற்றதை யாரும் எண்ணவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஆடுகளத்துக்குப் பக்கத்து நிழலில் அக்கா இருப்பாள், மடியில் குழந்தை, காலடியில் இஸ்திரிப் பெட்டி. டொக், டொக் என்று சீராகக் கேட்டால் குழந்தை தூங்கிவிடும். டப் என்று கேட்டால் விழித்துக்கொண்டு வீறிடும். "சித்தி, ஒழுங்கா ஆடு, பிள்ளை முழிச்சுக்குது" என்று அக்கா குழந்தைக்காக உள்ளே குரல் கொடுத்து, நடுவரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறாள்.

அவளுடைய பழைய சங்கடம் மட்டும் தீரவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற இரண்டு பேரும் யாரோ ஓர் அக்காவுக்குத் தங்கைகள்தானே. அதனால் கண்ணை மூடி, நீதி தவறாமல் வேண்டிக்கொள்வாள்.

"நல்லா ஆடுறவங்க ஜெயிக்கட்டும், ஆண்டவனே. ஆனா எங்க ஆளுங்க நல்லா ஆடட்டும்."