தாவீதுராஜ் வீட்டுத் தூசி

தெரசாள் புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது பொய். மூச்சு விட முடியாமல்தான் போனார்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர்கள் குடியிருக்கும் தெரு ஒன்றில் அவர்களுடைய வீடு. முன்னறையில் அவர் கணவர் தாவீதுராஜ் ஒரு மெஷின் வைத்திருக்கிறார். மெஷின் பலகையைச் செதுக்கும். செதுக்கும்போது தூசி கிளம்பும். தெரசாளுக்கு ஏற்கெனவே வீசிங். தை மாதத்தில் ஒரு நாள் இளைப்பு தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கவிட்டு அனுப்பினார்கள். வாசலில் நின்ற பந்தல்குடி பஸ்ஸில் ஏறி மகள் ஈவா வீட்டுக்குப் போய்விட்டார். ஏறுவதற்கு முன் கணவரிடம் சொன்னது இவ்வளவுதான்:

"தூசி நிக்கட்டும், வாரேன். தூசி இருக்கிற வீட்டுல நான் இருக்க மாட்டேன். எது வேணும்னு யோசிச்சுக்கங்க."

இந்த இருவரையும் எனக்கு ஆலைக் காலத்திலிருந்தே தெரியும். தாவீதுராஜ் பரளச்சி ஊர்க்காரர். மழை பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, நூற்பாலையில் மெஷின்களைப் பூட்டிப் பழுது பார்க்கும் பிட்டராகச் சேர்ந்தார். தெரசாள் அதே ஆலையில் பஞ்சு சிக்கெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். அந்தப் பிரிவில் பஞ்சுத் தூசி பனி மாதிரி நிற்கும். வாய்க்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். தூசி உறிஞ்சும் குழாய் போடு என்று சங்கத்தில் இருந்த நாங்கள் கோரிக்கை வைத்தோம். ஆலை வாசலில் போட்ட கேட் கூட்டத்தில் அதிகம் கத்தியவர் தாவீதுராஜ். குழாய் வந்தது. வருவதற்குள் தெரசாளின் நெஞ்சில் ஏற வேண்டியது ஏறிவிட்டது. பிறகு ஆலையே மூடிக்கொண்டது.

மூடிய பிறகு தாவீதுராஜ் மோட்டார் ரிப்பேர் பார்த்தார். மதுரையில் ஒரு போர்டு கடையில் கம்ப்யூட்டர் சொன்னபடி தானாக நகர்ந்து மரத்தில் எழுத்து வெட்டும் மெஷினைப் பார்த்தார். சி.என்.சி. ரவுட்டர் என்றார்கள். பெரிய கம்பெனி மெஷின் வாங்க வக்கில்லை. பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கென்று மேஜை அளவில் ஒன்று உண்டு. அதன் சாமான்களைத் தனித்தனியாக வரவழைத்து, வீட்டிலேயே பூட்டினார். ஆலை பிட்டருக்கு அது பெரிய காரியமில்லை. பெயர்ப் பலகை, சர்ச்சுக்கு வசனப் பலகை, பூஜை அறைக் கதவு, பக்கத்து ஊர் வீரசோழன் வீடுகளுக்கு ஓட்டைப் பூவேலைத் தட்டி என்று ஆர்டர் வந்தது. பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகை. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்தது. அதை வெட்டினால் சுருள் விழாது, மாவுதான் பறக்கும். அந்த மாவுதான் தெரசாளைப் பஸ் ஏற்றியது.

தாவீதுராஜ் மெஷினை விற்றுவிடலாம். நானும் அதைத்தான் சொன்னேன்.

"வித்துட்டு? திரும்பி மோட்டாருக்குக் காயில் சுத்தவா? தூசியப் பிடிக்கத் தெரியாதவனா நானு?" என்றார்.

ஆலைக்காரன் முதலில் எப்படி யோசிப்பானோ அப்படித்தான் யோசித்தார். நூற்பாலையில் காற்று காய்ந்தால் பஞ்சு பறக்கும், நூல் மயிர் சிலிர்க்கும். அதனால் மேலிருந்து தண்ணீரைப் பனியாகத் தெளிப்பார்கள். நம் ஊர்க் காற்று எப்போதுமே காய்ந்ததுதான். தாவீதுராஜ் மெஷினைச் சுற்றிச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார். மேலே தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்றையும் மாட்டினார். தூசி சட்டென்று அடங்கியது. அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

வீரசோழன் இனாயத்துல்லா தன் புது வீட்டுத் தட்டியை வாங்க வந்தார். துபாயில் இருந்துவிட்டு வந்தவர், நல்ல மனுசன், வாய் மட்டும் சும்மா இருக்காது. தட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அழுத்திய தூள் தண்ணீரைக் குடித்து, இதழுக்கு இதழ் உப்பியிருந்தது.

"ஏன்யா தாவீது, நான் பூ வேலையில்ல கேட்டேன். நீ பூரி பொரிச்சு வச்சிருக்க?"

"தப்பு என்னுது பாய். வேற வெட்டித் தாரேன்."

"வெட்டு. கெழங்கு மட்டும் சேத்துத் தந்துறாத."

பஞ்சு வேறு, பலகை வேறு. ஒரு தொழிலில் கற்ற சரியான விஷயம் இன்னொரு தொழிலில் முட்டாள்தனமாகிவிடும். சாக்கை அவிழ்த்தார். தூசியை அமுக்கக் கூடாது, பிறக்கிற இடத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்று அடுத்த வேலையைத் தொடங்கினார்.

மரத்தை வெட்டும் கட்டரைச் சுற்றி ஒரு மூடி. மூடியின் விளிம்பில் நைலான் மயிர். மூடியிலிருந்து ஒரு குழாய், அது வேக்குவம் கிளீனருக்கு. இடையில் பெயிண்ட் வாளி ஒன்று. காற்று அதற்குள் சுழன்று போகும்போது கனமான தூள் வாளியில் விழுந்துவிடும். மூடிக்கு அக்ரிலிக் துண்டு. மயிர், தரை கழுவும் பிரஷ்ஷிலிருந்து பிடுங்கியது. பிடுங்கிய மயிரை வாசலில் உட்கார்ந்து பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பின்வீட்டு மூக்கம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். தறி நெய்கிறவர்.

"என்னண்ணே இது?"

"மெஷினுக்கும்மா. கட்டரச் சுத்திப் பாவாட மாதிரி."

"மதினி இருந்த வரைக்கும் ஒரு சேல எடுத்துக் குடுத்துப் பாத்ததில்ல. மெஷினுக்குப் பாவாட தைக்கிறீகளோ?"

அதற்குப் பிறகு தெருவே அதைப் பாவாடை என்றுதான் சொன்னது.

முதல் பாவாடை உதவவில்லை. கட்டரைப் பிடித்திருக்கும் மோட்டாரிலேயே அதைக் கட்டியிருந்தார். மோட்டார் மேலும் கீழும் போகும். கட்டர் ஆழமாக இறங்கினால் பாவாடையும் இறங்கி, மயிர் நசுங்கிப் பலகையை உரசியது. கட்டர் எழும்பினால் பாவாடையும் எழும்பி, அடியில் இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் தூசி கெக்கலித்துக்கொண்டு வெளியே வந்தது. நீள மயிர் போட்டார், குட்டை மயிர் போட்டார், லாரி டியூபைக் கீறி ரப்பர் தொங்கவிட்டார். எல்லாம் அதே கதை.

பிடி கிடைத்தது ஒரு வாரம் மெஷினை நிறுத்திவைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான். மோட்டார் ஏறி இறங்கட்டும், பாவாடை எதற்கு ஏற வேண்டும்? மோட்டாரைத் தாங்கி இடவலமாக மட்டும் ஓடும் தகடு ஒன்று உண்டு. அது ஏறாது, இறங்காது. பாவாடையை அதில் மாட்டினார். பலகையின் கனத்துக்குத் தக்கபடி ஒரு முறை உயரம் வைத்து நட்டை முறுக்கினால் போதும். மயிர் எப்போதும் பலகையைத் தொட்டபடி இருக்கும், கட்டர் நடுவில் தன் பாட்டுக்கு இறங்கி ஏறும். கட்டர் மாற்ற வசதியாக முன்பாதியைக் காந்தத்தில் ஒட்டிக் கழற்றும்படி செய்தார். பழைய ஸ்பீக்கரில் எடுத்த காந்தம்.

தரையில் ஒரு சிட்டிகை தூள் இல்லை. தாவீதுராஜ் பந்தல்குடிக்குப் போன் போட்டார். தெரசாள் மறுநாளே வந்தார். மெஷின் ஓடியது. கணவர் தரையைத் தொட்டுத் தொட்டு விரலைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் தெரசாளுக்கு இருமல் வந்தது. இன்ஹேலரை எடுத்தார்.

"பாரு தெரசா, சுத்தமா இருக்கு. விரல்ல ஒட்டல."

"தரையவே பாத்துக்கிட்டு இருக்கீக. என்னையப் பாருங்க."

மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்.

தாவீதுராஜுக்கு முதலில் கோபம். இவள் வேண்டுமென்றே இருமுகிறாள் என்று என்னிடமே சொன்னார். ஆலையில் மேனேஜர் எங்களிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். முகம் மாறியது. ஜன்னலைச் சாத்தி, ஒரே ஒரு பலகை இடுக்கில் மட்டும் வெயில் கீற்று விழும்படி விட்டு, மெஷினை ஓட்டிப் பார்த்தார். கீற்றில் தெரிந்தது. பாவாடை ஒழுங்காகத்தான் உறிஞ்சியது. வாளி பருந்தூளைப் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத பொடி மட்டும் வேக்குவத்தின் துணிப் பையைத் தாண்டி, அதன் பின்பக்க ஓட்டை வழியாக அறைக்குள் புகைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அவர் தூசியைச் சலித்து, நெஞ்சுக்குள் போகிற பொடியை மட்டும் வீட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பின்சுவரில் ஓட்டை போட்டார். வேக்குவத்தின் பின்பக்கத்தில் குழாய் மாட்டி, ஓட்டை வழியாகச் சந்தில் விட்டார். அறை சுத்தமாகிவிட்டது.

அந்தச் சந்தில்தான் மூக்கம்மாள் காலையில் பாவு நீட்டுவார். சேலையின் நீளவாட்டு நூல்கள் மொத்தமும் சந்து நெடுகக் கட்டி, கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் பிரஷ்ஷால் ஆற்றி எடுக்க வேண்டும். ஈரக் கஞ்சியில் எது விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். தாவீதுராஜுக்கு அது தெரியாததா? இத்தனை வருசம் அந்தத் தெருவில் குடியிருக்கிறார். தன் வீடு சுத்தமானதும் சுவருக்கு அந்தப் பக்கம் மறந்துபோனது.

"அண்ணே! வெளிய வாரீகளா இல்லையா?"

போனார். வெள்ளைப் பாவு செம்மண் சாலை மாதிரி கிடந்தது.

"எங்க வீட்டுக் குப்பைய அள்ளி ஒங்க சோத்துல போட்டா தின்பீகளா?" என்ற மூக்கம்மாள், அங்கேயே நின்று தெரசாளுக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்துத் தாவீதுராஜ் முன்னால் நீட்டினார். "மதினி, நீங்களே கேளுங்க இவுகள."

தெரசாள் கத்தவில்லை. "ஏங்க, ஆலைக்காரன் தூசிக் குழாயத் திருப்பி, நம்ம தொழிலாளிக இருந்த லைன் வீட்டுப் பக்கம் வச்சான்ல. அன்னிக்கு என்ன சொன்னீக?"

"அது வேற தெரசா. நான் என்ன மொதலாளியா?"

"பின்ன மெஷினு யாருது?"

கோரிக்கை வைக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்களிடம் வரும் கோரிக்கையை வாங்கத் தெரிவதில்லை. சங்கத்தில் நாங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நூறு கூட்டம் போட்டோம். உன் கையில் ஒரு மெஷின் வந்தால் நீ எப்படி நடப்பாய் என்று ஒரு கூட்டத்தில்கூடக் கேட்டதில்லை.

அன்று முழுக்க மூக்கம்மாளோடு நின்று பாவைத் துடைத்தார். பாதிதான் தேறியது, மீதிக்கு நூல் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் செங்கல் வைத்துச் சுவர் ஓட்டையை அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பந்தல்குடிக்குப் போனார். தெரசாள் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி பஸ்ஸுக்கு நிற்கும்போது, தூத்துக்குடி ரோட்டோரப் பட்டறையில் ஒரு லாரியின் ஏர் பில்டரை மெக்கானிக் கழற்றித் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். கரிசல் புழுதி கொட்டிக்கொண்டே இருந்தது. மடிப்பு மடிப்பான காகிதம். விரித்தால் ஒரு அறைத் தரை அளவு இருக்கும். அவ்வளவு புழுதியிலும் என்ஜினுக்குள் பொடி போகாமல் காக்கிற சாமான். புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

காற்று எங்கும் ஒழுகாத ப்ளைவுட் பெட்டி செய்து, லாரி பில்டரை உள்ளே வைத்து, வேக்குவம் விடும் காற்று முழுவதும் அதன் வழியாகவே போகும்படி செய்தார். ஜன்னலைச் சாத்தினார். வெயில் கீற்றைப் பார்த்தார். இந்த முறை பந்தல்குடிக்குப் போன் போட்டு, "சரியாயிருச்சு" என்று சொல்லவில்லை. "வந்து பாத்துச் சொல்லு" என்றார். என்னையும், மூக்கம்மாளையும் கூப்பிட்டார்.

தெரசாள் நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனாயத்துல்லாவின் புதுத் தட்டி முழுவதும் வெட்டி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. கீற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னியது. முன்பு மாதிரி புகை இல்லை. இருமல் வரவில்லை. தாவீதுராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொறஞ்சிருக்கு," என்றார் தெரசாள். "இல்லாமப் போகல."

"இதுக்கு மேல..."

"இருங்க, முடிக்கல. நான் வீட்டுல இருக்கிற நேரம் மெஷினு ஓடக் கூடாது. நான் ஜெபக்கூட்டத்துக்குப் போனா, கடைக்குப் போனா ஓட்டிக்கங்க. மூக்கம்மா பாவு எடுக்கிற வரைக்கும் அதுவும் கெடையாது. அப்பறமும் எனக்கு இளைச்சா கேள்வி கேக்காம மெஷின நிறுத்திரணும்."

"அப்ப ஆர்டர் எப்ப முடிக்கிறது?"

"மதினி சொன்னா சொன்னதுதாண்ணே," என்றார் மூக்கம்மாள். "ஒத்துக்கங்க. பாவாட கட்டுன மெஷினு, பொம்பளப் பேச்சு கேட்டுத்தான் ஆகணும்."

தாவீதுராஜ் என்னைப் பார்த்தார். பேரம் பேசித் தருவேன் என்று நினைத்திருப்பார். நான் தெரசாள் பக்கம் போய் நின்றேன். தரப்பு எது என்று எனக்குத் தெரியும்.

"சரி," என்றார்.

தெரசாள் கொண்டுவந்திருந்த மஞ்சப் பையிலிருந்து ஒரே ஒரு மாற்றுச் சேலையை எடுத்துக் கொடியில் போட்டார். தான் பிறகு பஸ்ஸில் அனுப்பிய துணிப் பெட்டி எங்கே என்று தாவீதுராஜ் கேட்டார்.

"அது ஈவா வீட்டுலயே இருக்கட்டும். மழைக்குத்தான் இளைப்பு கூடும், அது வரைக்கும் பாப்போம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.