ஹ்யூமிலியேட்

நேற்று குற்றாலம் ஐந்தருவியில், உடம்பெல்லாம் மசாஜ் எண்ணெய் மினுங்க ஒருவர் என்னைக் கடந்து போனார். அந்த வாடை, தென்காசியில் இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் தகரக்கொட்டகை டியூஷனுக்கு என்னை இழுத்துப் போய்விட்டது.

சாரல் தகரத்தில் சடசடக்க, அதற்கு மேல் குரலை உயர்த்தி சார் இங்கிலீஷ் வினைச்சொற்கள் நடத்துவார். அன்று கரும்பலகையில் ‘ஹ்யூமிலியேட்’ என்று எழுதியிருந்தார். அவமானப்படுத்துவது என்று அர்த்தம் சொன்னார். நாங்கள் உதாரணம் கேட்டோம்.

என் பக்கத்தில் இருந்த இசக்கியை எழுப்பினார். அவள் அப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்.

“கைய நீட்டு. எல்லாரும் மோந்து பாருங்க, அப்பன் வாடை இவகிட்டயும் அடிக்குதான்னு.”

எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசையாக வந்து மோந்தார்கள். நானும் குனிந்தேன். சோப்பு வாசனைதான் இருந்தது. ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“இப்போ நான் இவள ஹ்யூமிலியேட் பண்ணிட்டேன். பாஸ்ட் டென்ஸ். எழுதிக்கோங்க” என்றார் சார். எழுதிக்கொண்டோம்.

அதோடு டியூஷனுக்கு வராமல் நின்றுவிட்ட இசக்கி, அன்று வாசலில் செருப்பை மாட்டியபடி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “ஏட்டி, நெசமாவே வாடை அடிச்சுதா?”

“ஆமா, அடிச்சுது” என்றேன்.