‘எண்ட!’ என்றொரு சத்தம்

உப்புக்காற்றில் நாள் முழுக்கக் கிடந்த கரப்பந்து முன்கையில் வந்து விழும்போது, அதில் ஒட்டியிருக்கும் மணலும் சேர்ந்து முழுக்கைச் சட்டையையும் தாண்டி எரியவைக்கும். அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போய், உம்மாவுக்குச் சிவந்த கையைக் காட்டாமலே சோறு தின்றுவிட்டு எழும்புவேன்.

போர் முடிந்த கையோடு மதுரங்குளிப் பக்கத்திலிருந்த எங்கள் பாடசாலைக்கு வந்தவர் ரிஹானா டீச்சர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, அகதி முகாமின் ஓலைக்கொட்டிலில் படித்து விளையாட்டு ஆசிரியை ஆனவர். பெண்பிள்ளைகளுக்குக் கரப்பந்து பழக்கலாம் என்று எங்கள் ஊரில் அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவர் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு தென்னங்குற்றிகளை நட்டு, குறுக்கே பழைய மீன்வலையைக் கட்டிவிட்டார்.

அடிக்கப் பழகினோம், எடுக்கப் பழகினோம். ஆனாலும் முதல் போட்டியிலேயே சிலாபப் பக்கத்துப் பிள்ளைகளிடம் மண்ணைக் கவ்வினோம். காரணம், மரியாதை! என் பக்கத்தில் நின்றவர் மாமியின் மகள் ஹஸீனா ராத்தா. மூத்தவர் நிற்க நான் எப்படிப் பாய்வது என்று நான் ஒதுங்க, சின்னவள் எடுக்கட்டும் என்று அவர் ஒதுங்க, பந்து நடுவிலே ‘பொத்’தென்று விழும்.

“பந்துக்கு மூத்தவ இளையவ தெரியா புள்ள,” என்றார் டீச்சர். “உனக்குத்தான் வருதெண்டா வாயத் திறந்து ‘எண்ட!’ எண்டு கத்து.”

‘எண்ட’ என்றால் எங்கள் பேச்சில் ‘என்னுடையது’. வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால், “காக்காக்குக் குடு” என்று, அண்ணனைக் காட்டித்தான் பதில் வரும். மைதானத்தில் அதைக் கத்தக் கத்த எனக்கு ருசித்தது.

சத்தம் ஊருக்குள் போனது. பள்ளிவாசல் பெரியவர்கள் வந்தார்கள். அவர்களோடு என் வாப்பாவும் வந்து மதிலோரம் நின்றார். மூத்த ஹாஜியார் டீச்சரிடம் சொன்னார்: “விளையாடட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா பொம்புளப் புள்ளைகள்ட சத்தம் ரோட்டுக்குக் கேக்கப்படாது. கேட்டா, நாளைக்கு வலை இருக்காது.”

“சத்தம் இல்லாட்டி புள்ளைகள் ஒண்டோடொண்டு முட்டிப் பல்லுடையும், ஹாஜியார். அந்தச் சத்தம் பரவாயில்லையா?” என்று கேட்ட டீச்சர், பதிலுக்குக் காத்திராமல் பந்தை உயர அடித்தார். அது ராத்தாவுக்கும் எனக்கும் நடுவே இறங்கியது. வாப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பயந்தது உண்மைதான்; ஆனால் அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. “எண்ட!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

அன்றிரவு சோறு தின்னும்போது வாப்பா, “உண்ட சத்தம் கூடிப்போச்சு மகள்,” என்றார்.

“ஓம் வாப்பா,” என்றேன். மறுநாளும் விளையாடப் போனேன்.

வலையை அவிழ்க்க ஒருவரும் வரவில்லை. வருட முடிவில் டீச்சருக்குத்தான் இடமாற்றம் வந்தது. குறிஞ்சிப்பிட்டிக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு வலை முளைத்தது. முந்தலுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் முளைத்தது. அவரிடம் பழகியவர்கள் இன்று வேறு பாடசாலைகளில் பிள்ளைகளைக் கத்த வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பாடசாலையில்தான் இப்போது ஒன்றுமில்லை. குற்றிகள் நின்ற குழிகளில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. என் மகளும் ராத்தாவின் மகளும் அங்கேதான் படிக்கிறார்கள். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், அந்த இடத்தை வாகனம் நிறுத்தக் கொடுக்கலாம் என்று கதை எழுந்தது.

“சும்மா கிடக்கிற இடந்தானே, ஆருக்கு வேணும்?” என்றார் தலைவர்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் வாய் திறக்குமுன், பக்கத்துக் கதிரையிலிருந்து ராத்தா எழுந்தார்.

“எண்ட!”

ரோட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.