வதனி தந்த பால் தேத்தண்ணி

கொதிதண்ணீரில் பால்மா கரையும்போது ஒரு மணம் வருமே... நாட்டின் பொருளாதார நெருக்கடியில் கடைகளில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தைக் கண்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எனக்கு அந்த மணம் வந்தால் வதனியின் வீடுதான் ஞாபகம் வரும்.

கொஞ்சம் மனம் கனக்கிற கதை. யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கம்பஸ் படிப்பு முடித்த கையோடு, யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேச நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்திருந்தேன். நெருக்கடியில் எந்த ஊருக்கு என்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டு, அதை ஆராய்ந்து, உதவி முதலில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற பிரிவு. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், ஏசி போட்ட அறை... அம்மா பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

தெரிந்தவர் வீட்டுக்குக் கேள்வி கேட்கப் போகக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அது டீசல் இல்லாத காலம். வாகனம் ஓடினால்தானே விதி ஓடும்? எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த ஜெயந்தன் அண்ணை, அவரவர் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஊர்களைச் சைக்கிளில் போய்ப் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார். எனக்கு என் சொந்த ஊரையே தந்தார்.

"நீர் பருத்தித்துறைப் பிள்ளைதானே? உம்மடை ஊர்ச் சனம் உம்மோடை மனம் விட்டுக் கதைக்கும். வெளியாள் போனாத்தான் மறைப்பினம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இத்தனைக்கும் அவரும் நானும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், எங்கள் சனத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டியவர்கள்!

கடற்கரைப் பக்கத்துக் குறுகலான ஒழுங்கை, இரண்டு பக்கமும் வீடுகள். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. எனக்குத் தரப்பட்ட வீடுகளில் ஒன்று வதனியின் வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து படித்தவள், பிறகு கடலுக்குப் போகிற ஒருவரைக் கல்யாணம் கட்டியிருந்தாள்.

"எடியே, நீயா! உள்ளுக்கு வா, ஏன் வெயிலுக்கை நிக்கிறாய்?"

கதிரையைத் துடைத்து இருத்திவிட்டு, "இரு வாறன்" என்று குசினிக்குள் போனாள். பின்வேலித் தகரம் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கிரீச்சிட்டது. யன்னலால் பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சின்னக் கோப்பை ஒன்றைக் கையால் மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

பால் தேத்தண்ணி வந்தது. நல்ல தடிப்பாய், சீனியும் தூக்கலாய். எங்கள் வீட்டிலேயே அப்போது வெறுந்தேத்தண்ணிதான்.

டேப்லெட்டைத் திறந்து வாசித்தேன். வதனியை 'நீங்கள்' என்று சொல்ல வாய் கூசியது.

"ஒரு நாளைக்கு எத்தினை நேரம் சாப்பிடுறனீங்கள்?"

"மூண்டு நேரமும்தான். ஏன் கேக்கிறாய்?"

"போன கிழமை அயல்வீட்டிலை சாப்பாட்டுச் சாமான் ஏதும் கடன் வாங்கினீங்களோ?"

"சீ... எங்களுக்கென்னடி குறை?"

கடன் வாங்கிய பால்மா என் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்வதைத்தான் பதிய வேண்டும், எங்களுக்குத் தெரிந்ததைப் பதியக் கூடாது. 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த முகங்கள்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பதில். "ஒரு குறையுமில்லைப் பிள்ளை. அம்மா சுகமோ?"

பிறகு ஒரு நாள், வந்த தகவல்களை எல்லாம் வரைபடமாக்கித் திரையில் போட்டார்கள். கரையோரம் எல்லாம் சிவப்பு. எங்கள் ஊர்த் துண்டு மட்டும் பச்சை.

"அண்ணை, இது பிழை. உந்தச் சனம் கஷ்டத்திலைதான் இருக்கு."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"நான் போன வீட்டிலை பால் தேத்தண்ணி தந்தவை..."

அறையே சிரித்தது. "பால்மா இருக்கிற வீட்டிலை என்ன பிள்ளை கஷ்டம்?" என்றார் ஜெயந்தன் அண்ணை.

அந்தப் பால்மா எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எங்கள் ஊர்க்காரரும் இருந்தார்கள். வதனியின் குசினியை அவர்களுக்குத் திறந்து காட்ட மனம் வரவில்லை. சரி, அதை விடுங்கள்... வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தியை அனுப்பித் திரும்பக் கேளுங்கள் என்று அடம் பிடித்திருக்கலாமே? அதையும் செய்யவில்லை. நல்ல பெயர் எடுத்தால் வேலை நிரந்தரமாகும் என்ற ஆசை வாயைக் கட்டிவிட்டது.

உலர் உணவு லொறி அடுத்த ஊருக்குப் போனது. வதனியின் ஒழுங்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளைகள் லொறிக்குப் பின்னால் ஓடினதாக அம்மா வந்து சொன்னார்.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. வெளிநாட்டு நிதி நின்றதும் மூடிவிட்டார்கள். நாங்கள் வரைபடம் பார்த்த அறையில் டியூஷன் நடக்கிறது. நிரந்தரமான என் வேலையும் அதோடு போய்விட்டது. பல மாதமாக வீட்டில்தான். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

போன கிழமை வதனி வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறார்கள். மீன் பெட்டி பெட்டியாகக் கொழும்புக்குப் போகிறது. இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஏனடி அண்டைக்கு இல்லையெண்டு சொன்னனீ?"

"கழுத்திலை அட்டையோடை நீ வந்து நிக்கிறாய். உனக்கு முன்னாலை, பிள்ளையள் பசியோடை படுக்குதுகள் எண்டு எப்பிடியடி சொல்லுறது? ஆரெண்டு தெரியாத ஒருத்தி வந்திருந்தா அழுதழுது சொல்லியிருப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "உன்ரை வேலை போயிட்டுதெண்டு கேள்விப்பட்டன். எப்பிடிச் சமாளிக்கிறாய்?"

"சீ... எனக்கென்னடி குறை?"

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழும்பிக் குசினிக்குள் போனாள்.

பின்வேலித் தகரம் கிரீச்சிடவில்லை. பால்மா கரைகிற மணம் மட்டும் வந்தது.